ஏழு அட்சரமும் நாங்கள் நான்கு பேரும்

சில ஆண்டுகளுக்கு முன், கோலாலம்பூரில் ஜாலான் ஈப்போவை ஒட்டிய ஒரு மண்டபத்தில் நடந்த திருமண விருந்தில், எங்கள் குழு முதன்முறையாக மிஸ்ர சாபுவில், அதாவது சுற்றுக்கு ஏழு அட்சரம் (தாளத்தின் சிறு அலகு) கொண்ட தாளத்தில், அமைந்த சொந்தப் பாட்டு ஒன்றை மேடையேற்றியது. இரண்டாவது சரணம் முடியும்வரை எல்லாம் ஒழுங்காகத்தான் போயிற்று. அதன்பிறகு டிரம்ஸ் ஒரு பக்கமும் என் மிருதங்கம் இன்னொரு பக்கமும் இழுக்க, கீபோர்டு வாசித்துக்கொண்டே பாடும் தங்கை எங்கே எடுப்பது என்று தெரியாமல் என்னைப் பார்த்தார். நான் பேஸ் கிட்டார் நண்பரைப் பார்த்தேன். அவரோ தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். மேடைக்கு முன்னால் ஆடிக்கொண்டிருந்த பிள்ளைகள் நின்றுவிட்டார்கள். பாட்டு முடிந்ததும் மணப்பெண்ணின் அத்தை அருகில் வந்து, பரிவோடுதான் கேட்டார்: “ஏன் தம்பி, பாட்டு ஒரு கால் நொண்டுதே, மைக்குல ஏதும் கோளாறா?”

துருக்கிய இசைக்காரர்கள் இப்படிச் சமமற்ற அடிகளால் ஆன தாளங்களை ‘அக்சாக்’ என்று அழைக்கிறார்கள் என்பதும், அச்சொல்லின் பொருளே ‘நொண்டுவது’ என்பதும் பின்னாளில்தான் எனக்குத் தெரியவந்தது. அத்தை தெரியாமலே சரியான கலைச்சொல்லைச் சொல்லியிருக்கிறார். ஆனால் துருக்கியர் அந்த நொண்டலில் ஆடுகிறார்கள். எங்கள் பாட்டில் ஆடிய கால்கள் நின்றுவிட்டன. எனக்கு அதில் கூடுதல் வெட்கம் என்னவென்றால், ஒன்பது வயதிலிருந்து செந்தூலில் ஓர் ஆசிரியரிடம் மிருதங்கம் பயின்றவன் நான். மிஸ்ர சாபு எனக்குப் புதிதன்று. எனக்குத் தெரிந்த ஒன்றை மற்ற மூவருக்கும் தெரியும் என்று எடுத்துக்கொண்டதில்தான் தவறு தொடங்கியது.

அன்றிரவே மாமாக் எனப்படும் இந்திய முஸ்லிம் உணவுக்கடையில் உட்கார்ந்து, விருந்தினர் ஒருவர் கைப்பேசியில் எடுத்திருந்த பதிவைத் திரும்பத் திரும்பக் கேட்டோம். இரண்டு கோளாறுகள் தெளிவாகத் தெரிந்தன. முதலாவது, நாங்கள் நால்வரும் ‘ஏழு’ என்று ஒப்புக்கொண்டிருந்தோமே தவிர, எந்த ஏழு என்று ஒருநாளும் பேசிக்கொள்ளவில்லை. நான் மூன்றும் நான்குமாக, அதாவது ‘தகிட தகதிமி’ என்று வாசித்துக்கொண்டிருந்தேன். டிரம்ஸ் வாசிக்கும் மலாய் நண்பர் ராக் இசையில் வளர்ந்தவர். அவருடைய காதில் ஏழு என்பது பழக்கமான ஒரு நான்கும், அதற்குப் பின்னால் ஒன்று குறைந்துபோன இன்னொரு நான்கும்தான். ஆகவே அவர் ‘தகதிமி தகிட’ என்று அழுத்தம் கொடுத்தார். சுற்றின் முதல் அட்சரமான சமத்தில் இருவரும் சேர்ந்து விழுந்தோம். நடுவில் ஒவ்வொரு சுற்றிலும் மோதிக்கொண்டோம். மெதுவாக ஒத்திகை பார்த்தபோது இந்த மோதல் ஏதோ சுவையான சிக்கல்போலக் கேட்டதால் யாரும் கவலைப்படவில்லை. மேடையில் வேகம் கூடியதும் அதே மோதல் பாட்டைக் கவிழ்த்துவிட்டது.

இரண்டாவது கோளாறு இன்னும் நுட்பமானது. மிஸ்ர சாபுவை மூன்று, இரண்டு, இரண்டு என்று பிரித்துத் தட்டும்போது ஒரு நெடிய தட்டும் இரண்டு குறுகிய தட்டுகளும் கிடைக்கின்றன. பதற்றம் வந்துவிட்டால் இந்த மூன்று தன் அளவில் நிற்பதில்லை. கொழுத்து நான்காகிவிடும், அல்லது இளைத்து இரண்டாகிவிடும். நான்கானால் மொத்தம் எட்டு, அதாவது எல்லாரும் அறிந்த சாதாரண ஆதி தாள நடை. இரண்டானால் ஆறு, அதாவது மூன்று சமமான தட்டுகள். உடல் தனக்குப் பழகிய வடிவத்தை நோக்கி வழுக்குகிறது. பதிவில் எங்கள் மூன்றாவது சரணம் முழுவதும் எட்டாகிக் கிடந்தது. நான் மட்டும் ஏழில் இருந்தேன். ஏழு எண்ணிக்கையில் தடுமாறுகிறவர்களைக் கவனித்தால், அவர்கள் கடைசி அடியை விழுங்கிவிடுகிறார்கள் என்றுதான் முதலில் தோன்றும். நான் பார்த்தவரையில் பெரும்பாலும் கடைசி அடியில் குற்றமில்லை. நெடிய தட்டின் அளவு மாறியிருக்கும். பிழை எங்கே என்று தேடுகிறவர்கள் முதலில் அங்கே பார்க்கலாம்.

அடுத்த வாரம் பிரிக்ஃபீல்ட்ஸில் நாங்கள் மணிக்கணக்கில் வாடகைக்கு எடுக்கும் மாடி அறையில் ஒத்திகையைப் புதிதாகத் தொடங்கினோம். முதலில் எண்ணிப் பார்ப்போம் என்றார் டிரம்ஸ் நண்பர். அங்கே ஒரு வேடிக்கை நடந்தது. அவர் மலாயில் எண்ணினார்: சத்து, டுவா, தீகா, அம்பாட், லீமா, அனாம், துஜோ. ஒவ்வொரு சொல்லுக்கும் இரண்டு அசை. வேகம் கூடியதும் நாக்கு பின்தங்கியது. ஆங்கிலத்தில் ஆறு வரை ஓரசையாக ஓடி வந்து, ஏழாவதாக வரும் ‘செவன்’ இரண்டசையாகி, சரியாகச் சுற்று முடியும் இடத்தில் தடுக்கிவிட்டது. தமிழில் ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணினால் ‘இரண்டு’ என்ற இடத்திலேயே மூச்சு முட்டுகிறது. கந்தோனிஸ் பேசும் பேஸ் நண்பர்தான் சிரித்துக்கொண்டே, “யாட், யீ, சாம், செய், ங், லொக், சாட்” என்று எவ்வளவு வேகத்திலும் பிசிறில்லாமல் எண்ணிக் காட்டினார். ஏழும் ஓரசைச் சொற்கள். கோலாலம்பூரில் குழு வைத்திருப்பதன் பயன்களில் இதையும் ஒன்றாகச் சேர்த்துக்கொள்ளலாம் என்று அன்று பேசிக்கொண்டோம்.

ஆனால் அதுவும் போதவில்லை. ஒன்று முதல் ஏழு வரை சமமாக எண்ணினால் ஏழு புள்ளிகள் கிடைக்கின்றனவே தவிர, எங்கே சாய வேண்டும், எங்கே நிமிர வேண்டும் என்பது கிடைப்பதில்லை. எண்ணுகிறவருடைய கவனம் முழுவதும் எண்ணில் இருக்கும்; பாட்டைக் கேட்க அவரிடம் காது மிச்சமிருக்காது. என் ஆசிரியர் சிறுவயதில் எங்களிடம் திரும்பத் திரும்பச் சொன்னது அப்போதுதான் நினைவுக்கு வந்தது: “முதல்ல வாய்ல வரட்டும்டா, அப்புறம் கையில வரும்.” மிருதங்கத்தைத் தொட விடாமல் பல மாதங்கள் சொற்கட்டு (தாளத்தை வாயால் சொல்லும் சொற்கள்) மட்டுமே சொல்லவைத்தவர் அவர். அன்று அது தண்டனைபோல இருந்தது. இன்று ‘தகிட தகதிமி’ என்ற சொற்கட்டை நண்பர்கள் இருவருக்கும் சொல்லிக்கொடுத்தபோது, ஐந்து நிமிடத்தில் அவர்கள் வாயில் அது பதிந்துவிட்டது. ஒவ்வோர் எழுத்தும் ஓர் அட்சரம். ‘தகிட’ என்றால் மூன்று, ‘தகதிமி’ என்றால் நான்கு. எண்ணிக்கையும் பிரிவும் அழுத்தமும் ஒரே சொல்லில் அடங்கிவிடுகின்றன. இதே முறையில் ஐந்துக்குத் ‘தக தகிட’, ஒன்பதுக்குத் ‘தகதிமி தகதகிட’. சொற்கட்டைச் சொல்லும் கொன்னக்கோலைத் தனிக் கலையாகப் பயிலாத எந்தக் குழுவும் இந்த அளவைக் கற்றுக்கொள்ளலாம் என்பது என் அனுபவம்.

சொல்வதோடு நிறுத்தாமல் நடக்கவும் செய்தோம். அறை முழுவதும் நால்வரும் வட்டமாக நடந்து, ஒவ்வொரு பிரிவின் முதல் அட்சரத்திலும் காலை ஊன்றினோம்: ஒரு நெடிய அடி, இரண்டு குறுகிய அடிகள். கிரேக்கர்களின் கலமத்தியானோஸ் என்ற வட்ட நடனமும் இதே மூன்று, இரண்டு, இரண்டு என்ற ஏழில்தான் ஆடப்படுகிறது. ஊர்த் திருவிழாவில் கைகோத்துக்கொண்டு பாட்டிமார்கள்கூட ஆடும் ஒன்றை எண்கணிதம் என்று நினைத்து நாம்தான் பயப்படுகிறோம். பல்கேரியாவின் ரசெனித்சா நடனமும் ஏழுதான். ஆனால் அங்கே நெடிய அடி கடைசியில் வருகிறது: இரண்டு, இரண்டு, மூன்று. இரண்டையும் அடுத்தடுத்து நடந்து பார்த்தபோதுதான், ‘ஏழு’ என்ற எண் மட்டும் ஒரு தாளத்தைப் பற்றி எவ்வளவு குறைவாகச் சொல்கிறது என்பது டிரம்ஸ் நண்பருக்குக் காலில் விளங்கியது.

இனி, இந்த முயற்சியில் எனக்கே பாடமாக அமைந்த ஒன்றைச் சொல்கிறேன். தைப்பூசத்துக்கு முந்தின மாலை செந்தூலிலிருந்து பத்துமலைக்கு ரயிலில் போய்க்கொண்டிருந்தேன். பெட்டியில் நெருக்கம். மஞ்சள் உடையில் பால்குடக் குடும்பம் ஒன்று. அவர்களில் வயதான ஓர் அம்மா கண்ணை மூடிக்கொண்டு மெல்லிய குரலில் ‘முத்தைத்தரு’ பாடிக்கொண்டிருந்தார். குழந்தைப் பருவத்திலிருந்து நூறு முறையாவது கேட்ட திருப்புகழ். அன்றைய மனநிலையில் என் விரல்கள் தாமாகவே முழங்காலில் தட்டத் தொடங்கின. தட்டிக்கொண்டே வந்தவன் ஓரிடத்தில் திடுக்கிட்டேன்.

அந்த அடியின் சந்தக் குழிப்பு, அதாவது ஓசை வடிவம், ‘தத்தத்தன தத்தத் தனதன’. குறிலுக்கு ஒரு மாத்திரை, ஒற்றோடு வரும் குறிலுக்கு இரண்டு என்று கொண்டால், தத் இரண்டு, தத் இரண்டு, தன இரண்டு. மறுபடியும் தத் இரண்டு, தத் இரண்டு. பின்னர் தன இரண்டு, தன இரண்டு. ஆக இரண்டு மாத்திரை கொண்ட ஏழு துண்டுகள். இப்போது சொற்களை அவற்றின்மேல் வைத்துப் பாருங்கள்: ‘முத்-தைத்-தரு’ மூன்று, ‘பத்-தித்’ இரண்டு, ‘திரு-நகை’ இரண்டு. மூன்று, இரண்டு, இரண்டு. மிஸ்ர சாபுவின் தட்டுகள் விழும் அதே இடங்களில்தான் சொற்கள் பிறக்கின்றன. அடுத்து வரும் ‘அத்-திக்-கிறை, சத்-திச், சர-வண’ என்பதும் அணுவளவும் பிசகாமல் அப்படியே. மூன்றாவது ‘முத்-திக்-கொரு, வித்-துக், குரு-பர’ என்பதும் அப்படியே. ‘எனவோதும்’ என்று கடைசியில் வரும் தொங்கலை மட்டும் இழுத்துச் சுற்றில் நிரப்பிக்கொள்ள வேண்டும். அந்த அம்மா எதையும் எண்ணவில்லை. பதினைந்தாம் நூற்றாண்டில் அருணகிரிநாதர் வைத்த இடத்தில் சொற்களை வைத்துக்கொண்டே போனார். தாளம் தானே வந்தது.

அன்றிரவு எங்கள் சொந்தப் பாட்டின் வரிகளை எடுத்து அதே முறையில் எழுதிப் பார்த்தேன். எழுதியவனும் நான்தான் என்பதால் கூசாமல் சொல்லலாம்: வரிகள் நாலு நாலாக ஓடின. எட்டுக்கு எழுதிய வரியை ஏழுக்குள் திணித்து, கடைசி எழுத்தை வெட்டி, மிச்சத்தைப் பாடகியின் தலையில் கட்டியிருந்தேன். சொல் நான்கில் நடக்க, மெட்டு மூன்றில் நடக்க, பாடுகிறவர் ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு எசமானர்களுக்கு வேலை செய்துகொண்டிருந்தார். இரண்டு நாள் உட்கார்ந்து வரிகளை மாற்றினேன். ஒவ்வொரு சுற்றின் தொடக்கத்திலும் மூன்றாகப் பிரியும் சொல், அதன்பின் இரண்டிரண்டாகப் பிரியும் சொற்கள். அழுத்தமான வல்லின ஒற்று தட்டு விழும் இடத்தில் வருமாறு பார்த்துக்கொண்டேன். புதிய வரிகளைப் பார்த்துவிட்டு, “இது எத்தனை அண்ணே? நாலா?” என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திருக்காமல் சரியாகப் பாடினார் தங்கை. சமமற்ற தாளத்துக்குப் பாட்டு எழுத விரும்புகிற தமிழருக்கு நான் தரக்கூடிய ஒரே உறுதியான யோசனை இதுதான்: தாளத்தை முடிவு செய்துவிட்டு மெட்டைத் தேடுவதற்கு முன், அந்தச் சந்தத்தில் ஒரே ஒரு நல்ல வரியை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். வரி தடுக்காமல் வந்தால் மற்றவை வந்துவிடும்.

வாத்தியங்களைப் பிரித்துக்கொள்வதில் டிரம்ஸ் நண்பர்தான் எங்களுக்கு வழிகாட்டினார். அவர் பள்ளி நாட்களில் கொம்பாங் குழுவில் அடித்தவர். மலாய்த் திருமணங்களில் மணமக்களை வரவேற்க அடிக்கப்படும் அந்தத் தோற்கருவிக் குழுவில், ஒருவர் விடும் இடைவெளியை இன்னொருவர் நிரப்ப, முழுத் தாளமும் யாருடைய கையிலும் இல்லாமல் எல்லாருக்கும் நடுவில் உருவாகும். அதுவரை நாங்கள் நால்வருமே ஏழு அட்சரத்தையும் முழுமையாக வாசித்து, ஒருவர்மேல் ஒருவர் கூரை போட்டுக்கொண்டிருந்தோம். இப்போது டிரம்ஸில் காலால் அடிக்கும் கிக் சமத்தில் மட்டும். ஸ்னேர் நான்காவது, ஆறாவது அட்சரங்களில். பேஸ் நெடிய மூன்றை ஒரே சுரத்தில் பிடித்து நிற்கும். நான் நடுவில் உள்ள இடைவெளிகளில் மட்டும் வாசிப்பேன். மிருதங்கக்காரனுக்கு வாசிக்காமல் இருப்பது எளிதன்று. ஆனாலும் கேட்பவருக்கு மூச்சு விட இடம் கிடைத்தது அதற்குப் பிறகுதான்.

சீராக ‘டிக்’ ஒலி எழுப்பும் மெட்ரோனோமைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். ஏழு அட்சரத்துக்கும் ஏழு ‘டிக்’ கேட்கும்படி வைத்துப் பழகினால், கருவி நம் பொறுப்பைத் தன் தலையில் ஏற்றுக்கொள்ளும். அதை நிறுத்தியதும் நாம் விழுவோம். நான் நிமிடத்துக்கு 40 என்று வைத்து, ஒவ்வொரு ‘டிக்’கையும் சுற்றின் தொடக்கமான சமம் என்று கொள்கிறேன். அதாவது ஒரு சுற்றுக்கு ஒரே ஓசை. அட்சரங்கள் நிமிடத்துக்கு 280. இடையிலுள்ள ஆறும் என் பொறுப்பு. அது கைவந்த பிறகு நிமிடத்துக்கு 140 என்று மாற்றி, இரண்டு அட்சரத்துக்கு ஓர் ஓசையாக வைத்துக்கொள்வது அடுத்த படி. ஏழு ஒற்றைப்படை என்பதால், முதல் சுற்றில் ஓசை 1, 3, 5, 7 ஆகிய இடங்களிலும், அடுத்த சுற்றில் 2, 4, 6 ஆகிய இடங்களிலும் விழுந்து, மூன்றாவது சுற்றில்தான் மறுபடி சமத்துக்கு வரும். முதல் வாரம் கோபம் வரும். அதைத் தாண்டிவிட்டால், மேடையில் பக்கத்தில் உள்ளவர் தடுமாறினாலும் உங்கள் சுற்று கலையாது. கணினியில் பதிவு செய்கிறவர்கள், எதிரொலி விளைவுகள் நான்குக்கு ஏற்றபடி அமைக்கப்பட்டிருக்கின்றனவா என்று முன்கூட்டியே பார்த்துக்கொள்வது நல்லது. எங்களுடைய முதல் பதிவில் எதிரொலி தனியே ஒரு தாளம் போட்டுக்கொண்டிருந்தது.

ஐந்தில் நாங்கள் பட்ட அடி வேறு வகையானது. தங்கை ஒருநாள் ‘டேக் ஃபைவ்’ வாசிக்கலாம் என்றார். பால் டெஸ்மண்ட் அமைத்து, டேவ் புரூபெக் குழு 1959இல் வெளியிட்ட, ஐந்து அடிகள் கொண்ட ஜாஸ் இசை. ஐந்துதானே என்று நான் ஐந்து அட்சரத் தாளமான கண்ட சாபுவைத் தொடங்கிவிட்டேன். கண்ட சாபு இரண்டும் மூன்றும். அந்த இசையோ மூன்றும் இரண்டும். ஏழில் கற்ற அதே பாடத்தை ஐந்தில் நான் மறந்திருந்தேன். இதைவிடப் பெரிய குழப்பம், “கண்ட நடையில் போகலாம்” என்று நான் சொன்னதை டிரம்ஸ் நண்பர் ‘ஐந்து அடிச் சுற்று’ என்று புரிந்துகொண்டதில் வந்தது. கண்ட நடை என்றால் தாளத்தின் அடி மாறாமல், ஒவ்வோர் அடிக்குள்ளும் ஐந்து அட்சரம் புகுவது. சுற்றில் ஐந்து அடி இருப்பது வேறு. அரை மணி நேரம் சண்டை போட்ட பிறகு, இருவரும் இரண்டு வெவ்வேறு விஷயங்களைச் சரியாகவே வாசித்துக்கொண்டிருந்தோம் என்பது தெரிந்தது. இப்போதெல்லாம் நான் பெயரைச் சொல்வதில்லை. கையால் அடியைத் தட்டிக்கொண்டு வாயால் உள்ளே ஓடுவதைச் சொல்லிக் காட்டிவிடுகிறேன்.

எல்லாப் பாட்டையும் ஏழிலும் ஐந்திலும் போட வேண்டும் என்ற ஆசையும் ஒரு கட்டத்தில் வந்தது. அது ஒரு நோய். விருந்தில் ஆட வந்தவர்களுக்கு ஆடத் தக்க தாளம் வேண்டும். அவர்களுக்காக நாங்கள் கண்டுபிடித்த நடுவழி, தாளத்தை எட்டிலேயே வைத்துக்கொண்டு, கீபோர்டும் மிருதங்கமும் மட்டும் அதன்மேல் ஏழு அட்சரச் சொற்கட்டை ஓட்டுவது. எட்டு எட்டாக எட்டுச் சுற்று என்றால் 64 அட்சரம். ஏழின் சொற்கட்டு எட்டு முறை ஓடினால் 56. சரியாக ஏழு சுற்று முடிந்திருக்கும். மிச்சமுள்ள ஒரு சுற்றில் எட்டு அட்சரத்துக்கு ஒரு சிறு தீர்மானம், அதாவது முடிப்புச் சொற்கட்டு: ‘தக’, ஓர் அட்சரம் மௌனம், ‘தக’, ஓர் அட்சரம் மௌனம், ‘தக’. இரண்டு, ஒன்று, இரண்டு, ஒன்று, இரண்டு. அடுத்தது சமம். டிரம்ஸும் பேஸும் எட்டை விட்டு நகராததால் ஆடுகிறவர்களின் காலுக்குத் தொல்லையில்லை. மேலே மட்டும் ஏதோ ஒன்று நழுவி நழுவிப் போய்த் திடீரென்று வந்து சேர்வதுபோல இருக்கும். சென்ற ஆண்டு ஒரு விருந்தில் இந்தத் தீர்மானம் விழுந்த இடத்தில், எதையும் எண்ணாத ஒரு சிறுவன் சரியாகச் சமத்தில் குதித்தான்.

இப்போது ஒன்பதில் ஒரு பாட்டு கையில் இருக்கிறது. அது இன்னும் கூடிவரவில்லை. நான் ‘தகதிமி தகதகிட’ என்று நான்கும் ஐந்துமாகக் கேட்கிறேன். டிரம்ஸ் நண்பர் துருக்கிய இசைப் பதிவுகளைக் கேட்டுக் கேட்டு, இரண்டு, இரண்டு, இரண்டு, மூன்று என்றே அடிக்கிறார். அட்சரத்தைக் கூட்டிப் பார்த்தால் என் பிரிவுகள் தொடங்கும் இடங்கள் அவருடைய தட்டுகளுக்குள்ளேயே அடங்கிவிடுகின்றன. ஆகவே மோதல் இருக்கக் கூடாது. ஆனாலும் வேகம் கூடும்போது அவருடைய கடைசி மூன்று கொழுத்துவிடுகிறது, அல்லது என்னுடைய ஐந்து இளைத்துவிடுகிறது. யாருடையது என்பதில் இன்னும் தீர்ப்பாகவில்லை. வரும் ஞாயிற்றுக்கிழமை வாத்தியங்களை உறையிலேயே வைத்துவிட்டு, மறுபடி அறையைச் சுற்றி நடக்கப் போகிறோம்.